விளையாட்டுக்குப் பயன் வேண்டுமா?

கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்துக்கு முழுப் பெயர் விவேகானந்த யுவபாரதி கிரீடாங்கண். கிரீடாங்கண் என்றால் விளையாட்டு முற்றம். 1984-இல் திறந்தபோது 1,20,000 பேருக்கென்று கட்டிய அந்த முற்றத்தில், 1997 ஜூலை 13 அன்று 1,31,781 பேர் திரண்டார்கள். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இவ்வளவு இரைச்சலான இடத்துக்கு ஒரு துறவியின் பெயரா என்று தோன்றலாம். கால்பந்தைப் பற்றித் துறவிகள் சொன்னவற்றில் மிகவும் பேர்போன பேச்சு விவேகானந்தருடையது. பேசிய ஊர் சென்னை, ஆண்டு 1897.

கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் கிட்டே போகலாம் என்று அவர் இளைஞர்களிடம் சொன்னார். இதைக் கீதைக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்பவர்கள், அவர் அடுத்துச் சொன்னதைப் படிப்பதில்லை. புஜத்தில் வலுவேறினால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பதுதான் வாதம். ஆக, பந்து படிக்கட்டு, கீதை மேல்மாடி. மதிப்பெல்லாம் விளையாட்டு தரும் வலுவுக்கே. விளையாட்டுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடங்களில் விளையாட்டு வகுப்புக்குச் சொல்லப்படும் நியாயமும் இதுவே. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது, கணக்கு வாத்தியார் அந்த வகுப்பைக் கடன் வாங்கும்போது தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான பார்வை பிரம்ம சூத்திரத்தில் இருக்கிறது. குறை ஒன்றும் இல்லாத இறைவன் உலகை ஏன் படைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அது வெறும் லீலை என்பது அங்கே விடை. சைவ சித்தாந்தம் இதோடு நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், விளையாட்டு என்று சொல்லவும் செய்யலாம் என்று சிவஞான சித்தியாரில் ஒத்துக்கொண்டு, உயிர்கள்மேல் வைத்த அருளே காரணம் என்று மேலே போகிறார். ஆடுகிறவனுக்கு ஆட்டத்தால் ஆக வேண்டியது எதுவும் கிடையாது, பயன் உயிருக்கு.

குற்றாலத்துச் சித்திரசபையில் இது கண்ணுக்குத் தெரியும். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான அது, பேரருவியை ஒட்டிய குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, முன்னால் ஒரு குளத்தோடு இருக்கிறது. மற்ற சபைகளில் திருமேனியாக நிற்கும் கூத்தன் இங்கே சுவரில் எழுதிய சித்திரம். உள்ளே போகிறவருக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை.

அதே ஊரைப் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் ஒரு பந்தும் வருகிறது. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர், வசந்தவல்லியைப் பந்தடிக்க விடுகிறார். கையால் அடிக்கும் பந்துதான். அவள் உடம்பும் நகையும் துள்ளுவதற்கு ஈடாகச் சந்தமே எகிறுகிறது. எதிரணி இல்லை, கோல் கணக்கு இல்லை, உடற்பயிற்சி என்ற சாக்கும் இல்லை. அந்த ஆட்டத்தை ஒட்டித்தான் அவள் உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு மனதைப் பறிகொடுக்கிறாள். அவளைப் பூசையில் உட்காரவைத்துக் காட்சி தந்திருக்கலாம். கவிராயர் பந்தைக் கொடுத்தார்.

விவேகானந்தர் சொன்ன காரணம் களத்தில் ஓடும் 22 பேருக்குச் சரி. காலரியில் இருந்த 1,31,781 பேரில் ஒருவர் புஜமும் பருத்திருக்காது. அவர்களுக்கு லீலையும் ஒத்துவராது. லீலைக்குக் குறையின்மை வேண்டும். ரசிகனோ தன் அணியின் தோல்வியைச் சொந்தக் குறையாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். 1980 ஆகஸ்ட் 16 அன்று, ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகள் ஆடிய லீக் ஆட்டத்தின்போது காலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள்.

மிஞ்சுவது சித்தியார் காட்டும் வழி: ஆட்டத்தின் பயன் காண்பவருக்கு. ஆனால் சித்தாந்தம் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. நான், எனது என்பது கழன்றாக வேண்டும். ‘நம்ம டீம்’ என்ற சொல் இல்லாவிட்டால் காலரியில் பாதிப் பேர் டிக்கெட்டே எடுக்க மாட்டார்கள்.

இருந்தாலும் அது அபூர்வமாகக் கழல்வதுண்டு. 2017 அக்டோபர் 28 அன்று, இருக்கைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்ட அதே சால்ட் லேக்கில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஆடின. இரண்டுமே அந்த ஊர் அணி அல்ல. பிரேசில் பைத்தியம் பிடித்த ஊர் அது. மூன்று நாள் முன்பு அங்கேயே அரையிறுதியில் பிரேசிலை வெளியேற்றியது இந்த இங்கிலாந்துதான். முதலில் ஸ்பெயின் இரண்டு கோல் போட்டது. பிறகு இங்கிலாந்து ஐந்து போட்டது. 66,684 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.