பிள்ளைக்குச் சொல்லும் கதை

புத்தளக் களப்பு ஒரு புறமும் பெருங்கடல் மறு புறமுமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களில், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுது பரம்பரையாகக் கதைக்குரிய பொழுதாகும். ஓதி முடித்த குர்ஆனை உயரத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் பாயில் வந்து சாய்ந்ததும், உம்மம்மா நாகூர் ஆண்டவரின் கதையை எடுப்பாள். அவர் தலை மழித்துக்கொண்டிருந்த வேளையில் எங்கோ நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகி அமிழத் தொடங்கிற்றாம். கையிலிருந்த கண்ணாடியை அவர் வீசினாராம். அது போய் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். “அப்ப மீனெல்லாம் அதுல முகம் பார்க்குமா உம்மம்மா?” என்று சின்னவன் கேட்பான். “பார்க்காம என்ன மகன்” என்பாள் அவள்.

இத்தகைய கதைகளைச் சொல்லலாகுமா என்ற ஐயம் இன்று பல வீடுகளில் எழுந்திருக்கிறது. பிரமாணமில்லாத ஒன்றை, நம்புவதையே ஸ்வபாவமாகக் கொண்ட இளம் உள்ளத்தில் ஊன்றுவது பொய்யுரைப்பதாகாதா என்று, மார்க்கத்தில் கருத்தூன்றிய இளந்தந்தையர் மெய்யான கவலையோடு கேட்கிறார்கள். அக்கவலையை அலட்சியம் செய்வது நியாயமன்று. அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் நூலில் ஒரு சம்பவம் உண்டு: தாயொருத்தி ஏதோ தருவதாகச் சொல்லித் தன் சிறு மகனை அழைக்க, அங்கிருந்த நபிகள் நாயகம், என்ன கொடுக்க எண்ணினாய் என்று வினவினார்கள், பேரீச்சம்பழம் என்றாள் அவள், ஒன்றும் கொடாதிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்தின் அளவிற்கூடப் பிள்ளையை ஏமாற்ற இடங்கொடாத மார்க்கத்தில் கதைக்கு எங்கே இடம்?

இடம் அந்த நபியின் இல்லத்திலேயே இருந்தது. பதினொரு பெண்கள் கூடியிருந்து தத்தம் கணவரைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொண்ட நெடுங்கதையை ஆயிஷா நாயகி சொல்ல, நபிகள் நாயகம் முழுவதையும் இருந்து கேட்டார்கள். கேட்டு முடித்தபின், அக்கதையில் வரும் உம்மு ஸர்உவுக்கு அபூ ஸர்உ எப்படியோ அப்படியே தாமும் ஆயிஷாவுக்கு என்று, தம் அன்பை அந்தப் பாத்திரங்களைக் கொண்டே வெளியிட்டார்கள். புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ள செய்தி இது.

ஆயினும் கதைக்கும் பொய்க்கும் உள்ள எல்லையை நன்கு உணர்த்துவது குர்ஆனின் 12ஆம் அத்தியாயமான யூசுப் என்பதே என் துணிபு. பதினொரு நட்சத்திரங்களும் சூரிய சந்திரரும் தன்னைப் பணியக் கண்டதாக ஒரு சிறுவன் தந்தையிடம் சொல்கிறான். யஃகூப் நபி நகைக்கவில்லை, அதட்டவில்லை. உடன்பிறந்தாரிடம் சொல்லிவிடாதே என்று அக்கனவைப் பொக்கிஷம்போல் காக்கச் செய்கிறார். பத்துப் பன்னிரண்டு வசனங்கள் கழிவதற்குள் அதே தந்தையிடம் வேறொரு கதை வருகிறது: மூத்த மக்கள் இரவில் அழுதுகொண்டு வந்து, தம்பியை ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஓநாய் வருவது நடக்கக்கூடியதே. அத்தாட்சியாக இரத்தம் தோய்ந்த சட்டையும் கையில் இருக்கிறது. சிறுவனின் கனவுக்கோ அத்தாட்சி எதுவுமில்லை, நட்சத்திரம் மனிதரைப் பணிவதும் உலகில் இல்லை. இருந்தும் அத்தாட்சியோடு வந்தது பொய்யாயிற்று, அத்தாட்சியின்றி வந்தது மெய்யாயிற்று. ஏனெனில் ஒன்று பாழ்ங்கிணற்றில் தள்ளப்பட்ட தம்பியை மறைப்பதற்காகச் சொல்லப்பட்டது, மற்றது உள்ளத்தைத் திறந்து வைத்தது. உம்மம்மாவின் கண்ணாடிக் கதை எதையும் மறைப்பதில்லை. வளர்ந்த பேரன் ஒரு நாள், மெய்தானா என்று கேட்பானாகில், “எங்கட உம்மா சொன்னது மகன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று சொல்ல அவள் கடமைப்பட்டிருக்கிறாள். அதற்குமேல் அவள்மீது குற்றமில்லை.

கதையே கேளாமல் வளர்பவன் என்னாவான்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசிய ஞானி இப்னு துஃபைல், தாய் தந்தையின் குரலையே கேளாத ஒரு பிள்ளையைக் கற்பனை செய்தார். இந்தியக் கடலின் தீவொன்றில் பெண்மானின் பால் குடித்து வளரும் ஹைய், தன் அறிவொன்றாலேயே சிருஷ்டிகர்த்தாவை உணர்கிறான். பின் மனிதர் வாழும் தீவுக்குச் சென்று, உவமையும் உருவகமும் களைந்த சத்தியத்தை அவர்களுக்குப் போதிக்க முயன்று, தோற்றுத் திரும்புகிறான். பாமரரின் மந்தபுத்தியே அத்தோல்விக்குக் காரணமென்பர். கதை கேட்டு வளராதவன், கதை கேட்டு வளர்ந்தோரின் நெஞ்சுக்குள் புகும் வழியறியாமல் நின்றான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்விசாரத்துக்கு இக்கரையிலேயே கண்கூடான சாட்சி உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினர். வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் இந்தப் புத்தள மாவட்டத்திலேயே ஓலைக் கொட்டிலிட்டுத் தங்கினர். அக்கொட்டில்களில் பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணச் சோனகத் தெருவும் எருக்கலம்பிட்டியும் முசலியும் பெற்றோரின் வாய்மொழியாகவே கிடைத்தன. சொல்லச் சொல்ல அந்த ஊர்க் கிணறுகளின் நீர் இன்னும் இனித்திருக்கும், முற்றங்கள் இன்னும் அகன்றிருக்கும். 2009இல் யுத்தம் ஓய்ந்தபின் முசலிப் பக்கம் திரும்பியவர்கள் கண்டது காடு மண்டிய நிலத்தை. அதனால் அப்பெற்றோர் பொய்யராகிவிடவில்லை. அந்தக் கதை இல்லாவிடில் அக்காட்டை வெட்டித் திருத்தப் பிள்ளைகளுக்கு மனம் ஏது? ஆனால் விரட்டியவரை மட்டும் சொல்லி, விரட்டப்பட்ட நாளில் படலையில் நின்று அழுத அயல்வீட்டுத் தமிழரைச் சொல்லாது விட்ட தகப்பன் எவரேனும் இருந்தால், அவர் கையில் அந்த இரத்தம் தோய்ந்த சட்டை இருக்கிறது என்றே சொல்வேன்.

அன்று பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தவர்கள் இன்று முதியோராகிவிட்டனர். பலர் மௌத்தாகியும் விட்டனர். பேரப்பிள்ளைகளே, எஞ்சியிருப்போரிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். அழுத அயலாரின் பெயர்களையும் சேர்த்துக் கேட்டு, எழுதி வையுங்கள்.