முன்னறிவும் கடமையும்

பிறவாத குழந்தையின் குறையை முன்கூட்டியே அறியும் ஆற்றலை மருத்துவம் மனிதனுக்கு அளித்திருக்கிறது. அறிந்தபின் ஆற்ற வேண்டிய அறம் யாது என்பதை எந்தக் கருவியும் சொல்லித் தருவதில்லை.

மூளையின் உட்குழிகளில் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்குவதை மூளை நீர்க்கோவை என்பர். கருவின் ஸ்கேன் படத்தில் அக்குழியின் அகலம் 10 மில்லிமீட்டரை எட்டினால் மருத்துவர் கவனங்கொள்வர். 15-ஐ எட்டினால் கடுமையானது என்பர். 12-ஐத் தாண்டாமல், வேறு குறையும் இல்லையெனில், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இயல்பாகவே வளர்கின்றனர். கடுமையான நிலையிலோ சிலர் பிழைப்பதில்லை. சிலர் உடலும் அறிவும் தளர்ந்து வளர்கின்றனர். சிலர் பள்ளி சென்று நன்கு படிக்கின்றனர். கருவிலிருக்கும் குழந்தை இவர்களுள் எவராகும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

கெடா மாநிலத்துப் பெண்டாங்கில் ஒரு தாய் இச்செய்தியைக் கேட்பதாகக் கொள்வோம். அலோர்ஸ்டார் பெரிய மருத்துவமனைக்குச் சென்று திரும்புகிறாள். "முற்பிறவி வினை" என்பார் ஒருவர். "கலைத்துவிடு" என்பார் மற்றொருவர். "பெற்றே தீரவேண்டும்" என்பார் மூன்றாமவர். மூவரும் தத்தம் வீட்டிற்குச் சென்றுவிடுவர். சுமை அவளோடு தங்கிவிடும்.

வினையென்பது வீண்பழி. நீர்ப்பாதை அடைப்பு, தண்டுவடப் பிளவு, கிருமித்தொற்று, குருதிக்கசிவு போன்றவையே காரணங்கள். கலைப்பதற்கோ, 1989-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்திற்கோ நேரும் ஆபத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. கருவின் குறையை மட்டும் காரணமாக ஏற்பதில்லை. கருவிலேயே வடிகுழாய் பொருத்தும் முயற்சி 1980-களில் நல்ல பயன் தராமல் கைவிடப்பட்டது. ஆகவே தொடர்ந்து சோதித்தலும், தக்க மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு ஏற்பாடு செய்தலுமே இன்று பெரும்பாலும் செய்யக்கூடியவை.

அறிவுடைய மக்களைப் பெறுதலே பெரும்பேறு என்றார் வள்ளுவர். அவ்வாறாயின் அறிவு தளர்ந்த குழந்தை பேறாகாதா? அருளுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர் அவரே என்பதை மறத்தலாகாது. அமெரிக்கத் தொழிலாளியான ஜான் ஹோல்ட்டர், இந்நோயுற்ற தம் மகனுக்காக 1956-இல் வடிகுழாய்க்குரிய வால்வு ஒன்றை உருவாக்கினார். மகன் நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அவன்பொருட்டுப் பிறந்த கருவி உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளைக் காத்தது. ஓர் உயிரின் மதிப்பை அதன் ஆயுளாலும் தேர்ச்சியாலும் மட்டும் அளத்தல் பொருந்துமா?

எனினும், உயிரின் மேன்மையைப் பேசுவோர் அதன் விலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சை, இயன்மருத்துவப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என ஆண்டுக்கணக்கில் நீளும் பணியில் துணைநில்லாது அறிவுரை மட்டும் வழங்குதல் அறமாகாது. அத்தாய் எடுக்கும் முடிவைத் தூற்றும் உரிமையும் நமக்கில்லை.

மாற்றுத்திறன் குழந்தையைப் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை 2019 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எனவே இக்கடமையில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. வடிகுழாய் பொருத்திய மாணவன் தலைவலியும் வாந்தியும் உற்று, வழக்கத்திற்கு மாறாக உறங்கி வழிந்தால், குழாய் அடைபட்டிருக்கலாம்; சோம்பலென்று கடியாது உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அந்த நாழிகையில் அவன் உயிர் ஆசிரியரின் அறிவையே நம்பியிருக்கிறது.