தீட்டும் மாசும்

"பொல்யூஷன்!"

ஆம்பூர்ப் பேருந்து நிலையத்திலே அரை மணி நேரம் காது கொடுத்து நின்றால் போதும். இந்த ஆங்கிலச் சொல் நாலு முறையாவது நம்மை வந்து எட்டும். மோட்டார் சைக்கிள்காரர், பொல்யூஷன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதே என்று கவலைப்படுகிறார். தோல் தொழிற்சாலையிலிருந்து வரும் தோழர், "பொல்யூஷன் ஆபீசர் வருகிறாராம், உள்ளே ஒரே பரபரப்பு" என்கிறார். கிணற்றுநீர் உப்புக் கரித்துப்போன உழவர், தீராத நோயொன்றின் பெயரைச் சொல்வதுபோல அதே சொல்லைச் சொல்கிறார். பள்ளிச் சிறுமி அதைத் தலைப்பாக்கிக் கட்டுரை எழுதி மதிப்பெண் பெறுகிறாள். ஆங்கிலம் அறியாதார் நாவிலும் அது குடியேறிவிட்டது.

குடியேறிய சொல்லின் பூர்வீகத்தை விசாரிப்பதிலே குற்றமில்லை. விசாரித்தால் வியப்பாயிருக்கிறது. ஆங்கிலத்திலே இச்சொல் புகுந்த நாளில் ஆற்றைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அது பேசவில்லை. புனிதம் கெட்டது, ஆலயம் களங்கப்பட்டது, உடல் கறைபட்டது என்பனவே அதன் பொருள். பாதிரிமாரின் சொல் அது. ஆலைப்புகையும் சாக்கடை நீரும் அச்சொல்லுக்குள்ளே வந்து உட்கார்ந்தது 19ஆம் நூற்றாண்டிலேதான்.

இந்தச் சொல்லோடு இங்கு வந்தான் வெள்ளைக்காரன். நம் நாட்டிலே மனிதனை மனிதன் தொட்டால் கெட்டுப்போவான் என்ற விந்தையைக் கண்டான். அதற்குத் தன் ஏட்டிலே பொல்யூஷன் என்று பெயர் எழுதினான். மலையாள நாட்டிலே இன்ன சாதியான் இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்றிருந்த கொடுமைக்கு, 'டிஸ்டன்ஸ் பொல்யூஷன்' என்று பெயர். அத்தகைய விலக்கை உடைக்கத்தான், வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் அனைவரும் நடக்கவேண்டுமென்று போராடி, 1924இல் பெரியார் சிறை புகுந்தார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1974இல், நீரைக் காக்க இந்திய நாடாளுமன்றம் சட்டமொன்று இயற்றியது. அதன் ஆங்கிலப் பெயரிலும் அதே பொல்யூஷன்! 1982இல் தமிழ்நாட்டிலே அதற்கான வாரியம் அமைந்தபோது, 'மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்' என்று பெயரிட்டனர். 'தீட்டுக் கட்டுப்பாட்டு வாரியம்' என்று எவரும் பெயரிடவில்லை. ஆங்கிலம் ஒரே பையில் போட்டுக் கட்டியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: தீட்டு வேறு, மாசு வேறு.

என்ன வேறு? மாசு ஒரு செயலால் உண்டாவது. எவன் செய்தாலும் மாசு மாசுதான். செய்தவனின் குலம் கோத்திரம் அது கேட்பதில்லை. அளக்கலாம் அதை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரிலே, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கலாகாது, 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். மீறினால் கருவி காட்டிக்கொடுக்கும். தீட்டுக்கோ கருவியில்லை. எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் வைதிகர் வாய் திறவார். அது செயலைப் பார்ப்பதில்லை, பிறப்பைப் பார்க்கிறது. நம் வள்ளுவர் மாசை மனத்திலே தேடச் சொன்னார். மற்றவனின் பிறப்பிலே தேடச் சொல்லவில்லை.

இந்தத் தீட்டு எவ்வளவு கணக்காக வேலை செய்கிறது பாருங்கள்! செத்த மாட்டின் தோலை உரித்தவன் தீட்டு. அந்தத் தோலை இழுத்துக் கட்டிய மிருதங்கம் கச்சேரி மேடையிலே நாதபிரம்மம்! அதைத் தட்டும் விரலுக்குத் தீட்டில்லை, கேட்கும் செவிக்குத் தீட்டில்லை. முனிவர் உட்கார்ந்த மான்தோலும் தோல்தானே? அது ஆசனம், ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் புரட்டுவது இழிதொழில். சென்னை அடையாற்றிலே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே வெள்ளை அங்கி அணிந்து தோலை எடுத்து ஆராயும் அறிஞரை எவரும் விலக்கி வைப்பதில்லை. வைக்கவும் கூடாது, அறிவுப்பணி அது. நாம் கேட்பதெல்லாம், பட்டம் பெற்ற கை தொட்டால் பறந்துபோகும் தீட்டு, பட்டினிக் கை தொட்டால் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதே.

இனி மாசின் கதை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வந்த வட்டாரம் இது. 1970களில், பச்சைத்தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் அப்படியே கப்பலேற்றாமல், முழுதும் பதனிட்டு ஏற்றுமதி செய்க என்று மைய அரசு வழிவகுத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஊருக்கு வேலை வந்தது. உப்பும் சல்ஃபைடும் குரோமியமும் பாலாற்றுக்கு வந்தன. மணல் மட்டுமே தெரியும் ஆறு அது, தண்ணீர் அடியிலேதான். போன உப்பும் அடியிலேயே தங்கிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றப் படியேறியது. 28-8-1996இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 900க்கு மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இருந்த ஐந்து மாவட்டங்களின் பெயர்களை அதிலே படிக்கும்போது நமக்கு நெஞ்சு சுருக்கென்றது. வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்., இவற்றோடு திருச்சி. பெயர் வைப்பதில் நாம் குறை வைத்ததில்லை!

"மாசுபடுத்தியவனே ஈடுகட்டவேண்டும்" என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்திலே நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. ஆங்கிலத்திலே இதைச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே. 'பொல்யூட்டர்' பணம் கட்டவேண்டும். இச்சொல்லின் பழைய பொருளிலே இந்த மண்ணில் 'பொல்யூட்டர்' யார்? ஒதுக்கப்பட்டவன். அவன் எதையும் கெடுக்கவில்லை. ஆயினும் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கட்டிக்கொண்டே வந்தான், கிணற்றைக் கட்டினான், தெருவைக் கட்டினான், தன் மானத்தையே கட்டினான். புதிய பொருளின்படி உண்மையாகவே கெடுத்தவன் கட்டவேண்டும் என்றபோதோ, கட்டுவதற்கு எத்தனை காலம்! உழவர்க்குரிய ஈட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியோரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது 2025 சனவரியில். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

இங்கே நம் இளைஞர்கள் ஒரு கணக்கைத் தப்பவிடலாகாது. நிலத்துக்குப் பட்டா உண்டு. பட்டா உள்ளவனுக்கு ஏக்கர்க் கணக்கிலே ஈடு கேட்க வழியுண்டு. நிலமே இல்லாதவன், பொதுக்கிணற்றில் குடித்தவன், எந்தச் சர்வே எண்ணைக் காட்டுவான்? தீண்டாதார் என்று தள்ளப்பட்ட மக்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். தோல் பதனிடும் இடமும் ஊருக்கு வெளியேதான். கழிவுநீர் பள்ளத்தை நோக்கிப் பாயும்; சேரியும் பள்ளத்திலேதான் இருந்தது. தீட்டு வெட்டி வைத்த கால்வாயிலே மாசு ஓடிற்று! இரண்டும் வேறு என்று மேலே நாமே வாதாடினோம். வேறுதான், ஆனால் இந்த வட்டாரத்திலே ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டியிருக்கிறது.

31-1-2015 இரவு, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தேக்கத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையிலே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றிலே மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றை அவர்கள் கெடுக்கவுமில்லை, அதன் கரையில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலமுமில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடலாமே" என்று அவசரப்படும் தம்பிக்கு: ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி தைத்துக் குடும்பம் காக்கும் பெண்களை முதலில் கேள். துர்நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ பேசும்போது, எந்த நாற்றத்தைப் பேசுகிறாய் என்று உன்னையே ஒருமுறை கேட்டுக்கொள். சல்ஃபைடின் நாற்றமென்றால் உன் பக்கம் நிற்போம். அந்தத் தொழிலாளியின் அருகே பேருந்தில் உட்கார மனமில்லை என்பதுதான் உள்ளே இருக்கிறதென்றால், நீ பேசுவது பாட்டன் காலத்துப் பொல்யூஷன்.

ஆலையை நடத்தட்டும், வரம்புக்குள் நடத்தட்டும். ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்துப்போக வரும் அதிகாரி, வாயிலிலிருந்தே திரும்பிவிடாமல் உள்ளேயும் வரட்டும். சுண்ணாம்புத் தொட்டியருகே வெறுங்காலோடு நிற்பவரிடம், காலுறை எங்கே, கையுறை எங்கே என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அதே ஏட்டிலே எழுதிக்கொண்டு போகட்டும்.