பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குப் பங்கு உண்டா?



இந்த அமெரிக்க தேசத்தில் வசந்தகாலம் வந்தாலே நம் சபைக் குடும்பங்களில் ஒரு துக்கம் எழும்புகிறது. "பாஸ்டர், என் மகள் ஹைஸ்கூல் சாஃப்ட்பால் டீமில் இருக்கிறாள். ஒரு நாள்கூட ப்ராக்டிஸ் தவறினதில்லை. ஆனா மேட்ச் அன்னைக்குக் கோச் அவளைப் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார். இது நியாயமா?" என்று கேட்கிறார்கள். விளையாட்டுதானே என்று தள்ளிவிட எனக்கு மனதில்லை. சமமாய் உழைத்தவருக்குச் சமமான இடம் கிடைக்க வேண்டுமா என்பதல்லவா கேள்வி? வேலை ஸ்தலத்திலும் சபையிலும் நாம் கேட்பது இதைத்தான்.

முதலாவது, ஆட்டத்தின் முறையைப் பாருங்கள். ஃபீல்டில் நிற்கிறவர்கள் 9 பேர். ஆட்டம் 7 இன்னிங்ஸ். டீமில் 15 பிள்ளைகள் இருந்தால் 6 பேர் வெளியேதான் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் லிட்டில் லீக்கில் எல்லாரையும் விளையாட விட வேண்டும் என்று விதியே உண்டு. ஹைஸ்கூல் வார்சிட்டி டீமில் பொதுவாக அப்படி இல்லை. கோச் தீர்மானிக்கிறார். 12 வயது வரைக்கும் தவறாமல் விளையாடின பிள்ளை 15 வயதில் திடீரென்று பெஞ்சில் உட்காரும்போது நெஞ்சு உடைந்துபோகிறது. 43 அடி தூரத்திலிருந்து பாய்ந்து வருகிற பந்துக்கு முன்னால் ஆயத்தமில்லாத பிள்ளையை நிறுத்துவதும் இரக்கமல்ல. ஆகவே இடம் கிடைக்காததையெல்லாம் அநியாயம் என்று சொல்லக் கூடாது.

அப்படியானால் அநியாயம் எங்கே தொடங்குகிறது? 1 சாமுவேல் 30-ஐ வாசித்துப் பாருங்கள். தாவீதோடு போன 600 பேரில் 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் நின்றுவிட்டார்கள். 400 பேர் போய் ஜெயித்து வந்தார்கள். வந்தவர்களில் சிலர், நின்றவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கொடுக்க மாட்டோம் என்றார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டை முடிச்சுகளைக் காத்தவனுக்கும் சரிபங்கு என்று கட்டளையிட்டான். கவனியுங்கள்! எல்லாரும் யுத்தம் பண்ணினார்கள் என்று தாவீது பொய் சொல்லவில்லை. வேலை வேறு வேறு, பங்கு ஒன்று. ஆற்றண்டையில் நின்றது அநியாயமல்ல. நின்றவனை ஒன்றுமில்லாதவனாக எண்ணினதே அநியாயம்.

என் மகளும் இரண்டு வருஷம் பெஞ்சில் இருந்தவள்தான். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் கோச்சிடம் போகட்டுமா என்றதற்கு, "வேண்டாம்ப்பா, நானே கேட்கிறேன்" என்றாள். "நான் எதில் முன்னேறணும்?" என்று கேட்டாள். பந்தைப் பிடித்து எறிய தாமதிக்கிறாய் என்று கோச் நேராகச் சொன்னார். அதற்குப் பிறகும் இடம் உடனே கிடைக்கவில்லை. ஆனாலும் காரணம் தெரிந்துவிட்டது. அந்த மௌனம் குறைந்தது.

இன்னொரு காரியம். பல மாநிலங்களின் ஹைஸ்கூல் ஆட்டத்தில் பிட்சரோ கேட்சரோ பேஸ் ஏறினால், அவர்களுக்குப் பதிலாக ஓட ஒருத்தியை அனுப்பலாம். அந்த ஆட்டத்தில் அதுவரை இறங்காதவள்தான் போக முடியும். பெஞ்சில் இருப்பவளுக்கென்றே வைக்கப்பட்ட இடம் அது! எத்தனை அவுட், கோச் என்ன சைகை காட்டுகிறார் என்று கவனித்துக்கொண்டிருக்கிறவள் எழும்பி ஓடுவாள். தன் துக்கத்திலேயே மூழ்கினவளுக்கு அது முடியுமா?

பெற்றோரே, கேலரியிலிருந்து கோச்சைப் பார்த்துச் சத்தம் போடாதிருங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "எத்தனை இன்னிங்ஸ் விளையாடினே?" என்று முதலாவது கேட்காதிருங்கள், சாப்பாடு கொடுங்கள். காரணம் சொல்ல கோச் மறுத்தால், அல்லது பிள்ளையைக் கேவலமாய்ப் பேசினால், ஸ்கூல் நிர்வாகத்திடம் பொறுமையாய், தெளிவாய்ச் சொல்லுங்கள். அதைச் சகிப்பது தாழ்மை அல்ல. சீசன் முடிந்தபின் "எனக்குப் போதும்" என்று பிள்ளை சொன்னால், அதுவும் பாவமல்ல. சந்தோஷமாய் விடை கொடுங்கள்.

ஆனால் நடுவில் விட்டுவிட வேண்டாம். பெஞ்சில் இருக்கிறவளைத் தாங்கிப் பேச இன்னொரு பெஞ்ச்காரிக்குத்தான் தெரியும். உங்கள் மகள் எழும்பிப் போய்விட்டால், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையோடு யார் இருப்பார்கள்?