மாப்பிள்ளையின் கோட்டும் மாமனாரின் அடகுச் சீட்டும்

மேற்கு மாம்பலத்து அன்பர் ஒருவர் எமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவர்தம் மகளின் நிக்காஹ் வைபவத்திற்கு மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் டையும் வேண்டுமெனச் சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ரயில் பாதையைக் கடந்தால் தியாகராய நகர். துணிக்கும் தையலுக்கும் அங்கே குறைவில்லை. ஆயினும் பிற சமயத்தாரின் உடையை மங்கல நாளில் அணிவதை மார்க்கம் ஏற்குமா என்பது அவர் ஐயம். துணைவியாரின் வளையல்களை இதற்காக அடகு வைக்கவிருப்பதையும் கடித ஈற்றில் போகிற போக்கில் குறித்துள்ளார்.

கேட்டதற்கு முதலில் வருவோம். தபூக் பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். ஷாம் அந்நாளில் ரோமர் ஆட்சியில் இருந்தது. ஒளுச் செய்ய முனைந்தபோது அதன் குறுகிய கைகள் மேலேறவில்லை. ஆகவே கரங்களை உள்ளிழுத்து, அங்கியின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். முகீரா (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பிறர் நெய்த உடையை அணியலாம் என்பதற்கு இமாம்கள் இதனை ஆதாரமாகக் கொண்டார்கள்.

பிற கூட்டத்தாருக்கு ஒப்பாவதைக் கண்டிக்கும் அபூதாவூதின் ஹதீஸை மறந்துவிட்டோமா? இல்லை. ஒரு சமயத்தாருக்கே உரிய சின்னத்தை அவர்களைப் போலத் தோன்றும் நோக்குடன் பூணுவதே அங்கு கருதப்படுவது. டை சிலுவையின் வடிவம் என்பார் உளர். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குரோஷிய வீரர்களின் கழுத்துத் துணியிலிருந்து வந்தது அது. சிலுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உடையைப் பற்றிய உணர்வு காலந்தோறும் மாறுவதற்குத் துருக்கித் தொப்பியே சான்று. சுல்தான் இரண்டாம் மஹ்மூது 1829இல் அதனை அரசு அலுவலர்க்குக் கட்டாயமாக்கியபோது புதுமை என்று முகஞ்சுளித்தோர் பலர். 1905இல் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் அதே தொப்பியுடன் வாதாட வந்த வழக்கறிஞர் எம். ஸி. அப்துல் காதரைத் தலைமை நீதிபதி லேயர்டு தடுத்தார். அவ்வாண்டின் இறுதி நாளில் இலங்கை முஸ்லிம்கள் மருதானையில் பெருங்கூட்டம் கூட்டித் தம் உரிமையை வலியுறுத்தினார்கள். 1925இல் முஸ்தபா கமால் அதனைத் தடைசெய்து ஐரோப்பியத் தொப்பியைச் சட்டமாக்கினார். எதிர்த்தோரில் சிலர் தூக்கிலிடப்பட்டனர். புதுமை என வெறுக்கப்பட்ட தொப்பி ஒரு நூற்றாண்டுக்குள் உயிரினும் பெரிதாயிற்று!

ஆகவே கோட்டில் குற்றமில்லை. ஆனால் அன்பர் கேளாமல் விட்டது ஒன்றிருக்கிறது. அடகு என்றால் வட்டி. வட்டியைத் திருமறை விலக்கியிருக்கும் கடுமை நாம் அறியாததன்று. அதனை வாங்குவோருடன் கொடுப்போரும் எழுதுவோரும் சாட்சி நிற்போரும் கண்டனத்துக்குள்ளானார்கள். கழுத்தில் கட்டும் முழத்துணி ஹராமோ என்று அஞ்சியவர், அதனை வாங்கும் பணம் எவ்வழியில் வருகிறதென்று எண்ணிப் பார்க்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் பேச்சுகளும் ஏடுகளும் தொப்பியையும் தாடியையும் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பேசியதுண்டா?

மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் மணமகன். மணமகனுக்கு உடை எடுப்பது பெண்ணின் தகப்பனார் பொறுப்பென்று எந்த ஃபிக்ஹு நூலும் கூறவில்லை. மனமுவந்து கொடுத்தால் அது ஹதியா. 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்குச் செய்கிறீர்கள்' என்ற இனிய சொல்லுக்கு அஞ்சிக் கொடுப்பதற்கு என்ன பெயர்? மறுத்தால் மகள் புகுந்த வீட்டில் சொல் கேட்க நேருமே என்ற கலக்கம் அத்தகப்பனுக்கு இருக்கும். அதை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆதலின் வாய் திறக்க வேண்டியவர் மாப்பிள்ளைதான். அவர் ஒரு சொல் சொன்னால் வளையல்கள் கையிலேயே இருக்கும். ஒரு மாலைப்பொழுதுக்குக் கோட்டு வாடகைக்கும் கிடைக்கிறது.

தம் சம்பாத்தியத்தில் தைப்பதானால் தாராளமாகத் தைக்கட்டும். டை தூய பட்டாக இருத்தலாகாது. ஆண்களுக்கு அது விலக்கு. செயற்கை இழையாயின் தடையில்லை. கடையில் கேட்டறிந்து வாங்குக. கால்சட்டை கரண்டைக்குக் கீழே இறங்க வேண்டா. மஃரிபுக்கு ஒளுச் செய்யும்போது முழங்கைக்கு மேல் ஏறும்படி சட்டையின் கைகளைச் சற்றுத் தளரத் தைக்குமாறு தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.