பெயர் யாருடைய ஹக்கு?

நாணய மாற்றுக் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வழக்கை நம்மிடம் கொண்டுவந்தார். அவருடைய மகன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறார். இரண்டு வருஷம் பாடுபட்டு எழுதிய கட்டுரையில், அந்த வேலையில் ஒரு நாளும் கை வைக்காத பெரியவர் ஒருவரின் பெயரையும் ஆசிரியராகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "பெயர்தானே, போட்டுவிட்டுப் போ, பணமா கொடுக்கிறோம் என்றேன். வாப்பா, அது பொய்க்கணக்கு என்கிறான். யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டார்.

பெயர்தானே என்று நம் கடைப் பலகையைப் பற்றி யாராவது சொன்னால் சும்மா இருப்போமா? ஆராய்ச்சிக்காரனுக்குக் கட்டுரையின் தலைமாட்டில் நிற்கும் பெயர்தான் முதல். வேலையும் பதவியும் அதைப் பார்த்தே வருகின்றன.

சயரோகத்துக்கு முதன்முதல் பலன் தந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் கலாசாலையில், 1943-ல், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் அடித்தள அறையில் இரவும் பகலும் உழைத்து, மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் கிடைத்த நுண்ணுயிர்களில் அதைக் கண்டெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். 1944-ல் வெளிவந்த கட்டுரையில் ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் என்ற வரிசையில் பெயர்கள் இருந்தன. பேரேடு ஒழுங்காகவே எழுதப்பட்டது.

குறை வாய்க்கணக்கில் வந்தது. உலகம் வாக்ஸ்மனை மட்டும் கொண்டாடியது, அவர் மறுக்கவில்லை. காப்புரிமையில் தமக்கிருந்த பாத்தியதையை ஷாட்ஸ் 1 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வரும்படியில் ஆசிரியருக்குப் பங்கு போகிறது என்று பின்னர் தெரிந்தபோது, 1950-ல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே சமரசமாயிற்று: கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்ற ஒப்புதலும் வரும்படியில் 3 சதவீதமும் கிடைத்தன. ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போயிற்று. பூகி அம்மையாரின் பெயரோ காப்புரிமையில் ஏறவே இல்லை.

வாக்ஸ்மன் பக்கமும் பேசவேண்டும். மண்ணின் நுண்ணுயிர்களை ஒன்றொன்றாகச் சோதிக்கும் முறையை வளர்த்தவர் அவர், சோதனைக்கூடமும் அவருடையது. முதல் போட்டவருக்குப் பங்கில்லை என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான். அவர் தம் பங்கைக் கேட்டதில் நமக்கு வருத்தமில்லை. உழைத்த கூட்டாளியை ஊரார் குமாஸ்தாவாக நினைக்கும்படி விட்டாரே, அதுதான் வருத்தம்.

இன்று மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நிபந்தனை வகுத்திருக்கிறது. யோசனையிலோ சோதனையிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, முடிவான வடிவத்துக்குச் சம்மதம், பிழை கேட்பார்க்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய நான்கும் வேண்டும். பணம் திரட்டித் தந்ததும், இலாகாத் தலைவராயிருப்பதும் மட்டும் போதா. நான்காவது நம்மவருக்கு எளிதில் விளங்கும். கூட்டாளி என்று பத்திரத்தில் கையெழுத்திட்டவன் கடனுக்கும் பொறுப்பாளியல்லவா? இல்லாத கூட்டாளியின் பெயரைக் காட்டிச் சரக்கு வாங்கினால் அதற்கு என்ன பெயர் என்று நாம் அன்பரைக் கேட்டோம். அவர் பேசவில்லை.

மறுப்பது சுலபம் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியர்மீது வழக்குப் போட்ட ஷாட்ஸுக்குத் தகுந்த வேலை கிடைப்பது கஷ்டமாயிற்று. ரட்கர்ஸ் அவருக்குப் பதக்கம் அளித்தது 1994-ல். அப்போது அவருக்கு வயது 74. ஆகவே முறைப்பில்லாமல், நன்றி கூறும் பகுதியில் பெரியவரின் பெயரை எழுதுகிறேன் என்று பையன் பணிவோடு சொல்லிப் பார்க்கட்டும் என்றோம்.

அன்பர் வீட்டுக்குப் போய் மகனிடம் பூகி அம்மையாரின் கதையைச் சொல்லிவிட்டு, "உன் கூடத்தில் அளவுகளைப் பாதி எடுத்துத் தந்த பெண்ணின் பெயர் எங்கே?" என்று கேட்டாராம். பையன் சற்றுத் தயங்கி, "நன்றி கூறும் பகுதியில்" என்றானாம். கட்டுரை இன்னும் அனுப்பப்படவில்லை.