தொண்டுக்கு ஒரு கட்டணமா?

நல்ல சமாரியர் உவமையைச் சிறு வயது முதலே கேட்டுவரும் நாம், அதில் வரும் ஒருவரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் சாவடிப் பொறுப்பாளர். காயமுற்றவருக்கு மருந்திட்டுக் கட்டி, ஓர் இரவு உடனிருந்து கவனித்த சமாரியர், மறுநாள் தம் வழியே புறப்பட்டுவிடுகிறார். புறப்படும் முன் இரண்டு தெனாரியத்தைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறார். அன்பின் சிகரமாக நாம் போற்றும் இந்த உவமையில் பணமும் உண்டு, கணக்கும் உண்டு, பிரிந்து செல்வதும் உண்டு. ஆகவே, தொண்டு செய்வதற்குக் கட்டணமா என்று ஒருவர் கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிட நம்மால் இயலவில்லை.

இக்கேள்வி இன்று உலகின் பல இடங்களில் எழுந்துள்ளது. செல்வ நாடுகளின் இளைஞர் பலர் வறிய நாடுகளுக்குத் தொண்டர்களாகச் செல்கின்றனர். இதில் இரு வழிகள் உண்டு. 1961இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'பீஸ் கோர்' அமைப்பு முதல் வழியைச் சேர்ந்தது. அதில் சேர்பவர் பயிற்சியும் பணியுமாக 27 மாதங்கள் தங்குகிறார். அவ்வூர் மொழியைக் கற்கிறார். கட்டணம் செலுத்துவதில்லை, எளிய வாழ்க்கைப் படி பெறுகிறார். இரண்டாம் வழி விடுமுறைக்காலத் தொண்டு. இரண்டு வாரமோ ஒரு மாதமோ தங்கலாம். தனித்தகுதி பெரும்பாலும் தேவையில்லை. செல்பவரே பயண நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்துகிறார்.

கட்டணம் வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. தொண்டரும் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். அவருக்கு வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் ஒருவர் வேண்டும். இச்சுமையை ஏழைக் கிராமத்தின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆயினும் ஓர் ஆபத்து இங்கே ஒளிந்திருக்கிறது. பணம் செலுத்துபவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அவருடைய மனநிறைவே விற்பனைப் பொருளாகிவிடுகிறது. விற்பனை தொடர வேண்டுமாயின், துன்பமும் தொடர்ந்து கையிருப்பில் இருக்க வேண்டும்.

இது வெறும் தர்க்கமன்று. கம்போடியாவில் கண்கூடாக நடந்தது. அங்கோர் கோயில்களைக் காணப் பயணிகள் திரளும் சியாம் ரீப் போன்ற ஊர்களில் அநாதை இல்லங்கள் பெருகின. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டின் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அந்த ஆண்டுகளில் பெற்றோரை இழந்தோர் அவ்வாறு பெருகிவிடவில்லை. இல்லக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். குழந்தைகள் இருந்ததால் பார்வையாளர் வந்தனர் என்பதைவிட, பார்வையாளர் வந்ததால் குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர் என்பதே பல இடங்களில் உண்மை.

நேபாளத்தின் கதை இன்னும் வேதனை தருவது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் சென்றனர். உங்கள் பிள்ளைகளைக் காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம் என்று கூறிப் பெற்றோரிடம் பணம் வாங்கினர். அப்பிள்ளைகளே பின்னர் அநாதைகள் எனக் காட்டப்பட்டனர். அவர்களைக் காண வந்த வெளிநாட்டாரிடமும் பணம் பெறப்பட்டது. மகனுக்குக் கல்வி கிடைக்கும் என்று நம்பிய தாயும் பணம் கொடுத்தாள். அவனுக்கு அன்பு காட்ட வந்த இளைஞரும் பணம் கொடுத்தார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தனர். இடையில் நின்ற பிள்ளைக்கோ தாயும் இல்லை, கல்வியும் இல்லை.

இத்தகைய பயணங்களில் இடர்கள் உண்டு என எச்சரிக்கும் அறிவுரைகள், மலேரியா, வெறிநாய்க்கடி, திருட்டு, காப்பீடு என்று பயணியின் இடர்களையே பட்டியலிடுகின்றன. அவை தேவையானவையே. ஆனால் வரவேற்கும் குழந்தையின் இடரை யார் பட்டியலிடுகிறார்? இரண்டு வாரம் மடியில் அமர்த்திக் கதை சொன்ன அக்கா போய்விடுகிறார், வேறோர் அக்கா வருகிறார், அவரும் போய்விடுகிறார். முன்பின் அறியாத எவரைக் கண்டாலும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு நாம் நெகிழ்கிறோம். அது பலமுறை கைவிடப்பட்ட நெஞ்சின் காயமாகவும் இருக்கலாம் என்று குழந்தை நலம் அறிந்தோர் சொல்கின்றனர். தவிர, விசாரணையின்றி எவரையும் உள்ளே விடும் வாசல் வழியே தீய நோக்குடையோரும் நுழையக்கூடும்.

விதிகள் இதனால்தான் வந்தன. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர், ஊதியம் இல்லாமற்கூட, அனுமதியின்றிப் பணிபுரியலாகாது. பொய்யாக அநாதையாக்கிக் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை, 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றிய வேளையில் ஆஸ்திரேலியா அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. அநாதை இல்லத் தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு ஐ.நா. பொதுப்பேரவையும் 2019இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இவை அன்புக்கு இடப்பட்ட வேலிகளா என்று சிலர் வருந்துகின்றனர். வேலி என்பது பயிரைக் காக்கவே இடப்படுவது.

இதையெல்லாம் நெடுநாள் முன்பே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. மெக்சிகோவில் பணியாற்றிய அருள்தந்தை இவான் இல்லிச், 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டாற்றப் புறப்படவிருந்த அமெரிக்க மாணவர்களிடையே பேசினார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், ஆனால் உதவி செய்கிறோம் என்று வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். கடுமையான சொல்தான். அதை முழுமையாக ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு. வாழ்நாளையே கொடுத்து அந்நிய மண்ணில் தொழுநோயாளருக்குப் பணிசெய்தோரை நாம் அறிவோம். அவர்கள் அந்த மக்களின் மொழியில் பேசி, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்கள். ஆனால் கற்பதற்கு முன் கொடுக்கத் துடிக்கும் நம் அவசரத்தில் ஒரு மேட்டிமை மறைந்திருக்கிறது என்று இல்லிச் சுட்டியதை மறுக்க இயலவில்லை.

அப்படியானால் யாருமே போகக்கூடாதா? போகலாம். போகுமுன் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். இந்த வேலையை என் ஊரில் எவ்விதத் தகுதியும் இன்றி என்னிடம் ஒப்படைப்பார்களா? அங்கே கூலிக்கு ஏங்கும் கொத்தனாரோ ஆசிரியரோ செய்யக்கூடிய வேலையை நான் பறிக்கிறேனா? என் கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊரைச் சேர்கிறது? நான் திரும்பியபின் யார் தொடர்வார்? இவற்றுக்கு வெளிப்படையாக விடை தரும் அமைப்போடு செல்வதில் தவறில்லை. விடை இல்லையெனில், விமானச் சீட்டுக்கு ஆகும் தொகையை அங்குள்ள செவிலியருக்கு ஊதியமாக அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருப்பது சிறந்த தொண்டாகலாம்.

இது கடல்கடந்து செல்வோருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளையின் பிறந்தநாளன்று இல்லத்துக் குழந்தைகளுக்கு மதிய உணவளித்து, அவர்களை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. உணவு நல்லதே. ஆனால் அந்த வரிசையில் நின்ற சிறுவனுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்த்தோமா? அவனைத் தன்னோடு வைத்திருக்க வழியில்லாத தாய்க்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை உதவினால், அவன் அவ்வரிசையில் நிற்கவே நேராதல்லவா?

சமாரியர் பணத்தை யாரிடம் கொடுத்தார் என்பதை மீண்டும் நினைப்போம். தாம் சென்றபின்னும் அங்கேயே இருக்கப்போகிறவரிடம் கொடுத்தார். காயமுற்றவர் தம்மை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் எழுந்து நடந்தால் போதும் என்றிருந்தார். நம் தொண்டுக்கும் அதுவே அளவுகோல். உதவி பெற்றவர் ஒருநாள் நாம் தேவைப்படாத நிலைக்கு வந்துவிட்டால், அன்று நம் மனம் மகிழ்கிறதா, வெறுமை கொள்கிறதா என்று பார்ப்போம். நாம் யாருக்காகச் சென்றோம் என்பது அப்போது நமக்கே தெரிந்துவிடும்.